வாலும் வாழ்வும் – 17: பொய் சொல்லாத தரகர்கள்

ஒரு பேச்சுக்கு ஒரு நாயை எடுத்துக்கொள்வோம். கலிஃபோர்னியாவின் ஏதோ ஒரு காப்பகம். எஃகு மேஜைமேல் துண்டு விரித்து அதை நிறுத்தியிருக்கிறார்கள். சிவாவா கலப்பு, எடை மூன்றரைக் கிலோ. கால்நடை மருத்துவர் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அப்படியொரு நாற்றம். பழுப்பேறிய காறைக்கு அடியில் பல் ஆடுகிறது. இடப்பக்கக் கோரைப்பல் எப்போதோ விழுந்துவிட்டதால் நாக்கு அந்தச் சந்து வழியாக வெளியே நழுவித் தொங்குகிறது. ஸ்டெதாஸ்கோப்பில் ‘லப்’புக்கும் ‘டப்’புக்கும் நடுவே காற்று ஊதுவதுபோல் ஒரு சத்தம். கழுத்துப் பட்டையை லேசாக இழுத்தால் வாத்து கத்துவதுபோல் இருமல். பின்னங்கால் முட்டிச் சில்லு விரலுக்கடியில் வழுக்கி விலகி, மறுபடி வந்து உட்காருகிறது. கண்ணில் நீலப் புகை. அது மட்டும் பயமில்லை. கண்புரை அல்ல, வயதானால் வரும் சாயல், பார்வை பெரிதாகக் கெடாது.

கோப்பில் இரண்டே வரி. வயது: 11, உத்தேசம். வந்த காரணம்: வளர்த்தவர் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார்.

இதற்கு இனி வீடு பார்க்க வேண்டும்.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் பண்ணு என்பது நம்மூர்ப் பேச்சு. வயதான குட்டி நாய்க்கு வீடு பார்க்கிறவர்களிடம் அந்தப் பழமொழி செல்லாது. ‘அமைதியான சுபாவம், எல்லோரிடமும் ஒட்டிக்கொள்ளும்’ என்று ஒரே ஒரு பொய் சொன்னாலும் போதும், பத்து நாளில் நாய் திரும்பி வந்து நிற்கும். ஏற்கெனவே ஒரு வீட்டை இழந்த நாய் இரண்டாவது வீட்டையும் இழந்தால் மூன்றாவது வரன் அமைவது குதிரைக்கொம்பு.

உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு உலகம் சிரித்த உதாரணம் ஒன்று உண்டு. 2021 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிரான்சர் என்ற சிவாவாவைத் தற்காலிகமாக வளர்த்துவந்த பெண், அதற்கு வீடு தேடி ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு போட்டார். வரன் விளம்பரம் மாதிரியே இல்லை, புகார் மனு மாதிரி இருந்தது. ஆண்களைப் பிடிக்காது, குழந்தைகளைப் பிடிக்காது, மற்ற பிராணிகளையும் பிடிக்காது, வீட்டைப் பேய் பிடித்த வீடாக்கிவிடும் என்று அடுக்கித் தள்ளியிருந்தார். பதிவு காட்டுத்தீயாகப் பரவியது. கடைசியில் பிரான்சரைக் கூட்டிப்போனவர் கனெக்டிகட்டைச் சேர்ந்த ஒரு பெண். அவர் வீட்டில் ஆண் வாடையே இல்லை. விளம்பரத்தில் இருந்த ஒவ்வொரு ‘பிடிக்காது’ம் வேண்டாத கூட்டத்தை வடிகட்டிக்கொடுத்திருந்தது. பிரான்சருக்கு அப்போது வயது இரண்டுதான், கிழம் அல்ல. ஆனால் அந்த விளம்பரத்தின் பாடம் கிழங்களுக்குத்தான் அதிகம் தேவை.

சரி, அமெரிக்கக் காப்பகங்களில் சிவாவாக்கள் குவிந்தது எப்படி? 1997-இல் தொடங்கிய டாகோ பெல் உணவக விளம்பரங்களில் கிட்ஜெட் என்ற சிவாவா பேசியது. 2001-இல் ‘லீகலி பிளாண்ட்’ படத்தின் கதாநாயகி கையில் ஒன்று இருந்தது. அப்புறம் பாரிஸ் ஹில்டனின் கைப்பை, 2008-இல் ‘பெவர்லி ஹில்ஸ் சிவாவா’. அந்தப் படத்தில் பாப்பி என்ற பாத்திரத்தில் நடித்த நாயே ஒரு காப்பகத்திலிருந்து மீட்கப்பட்டது என்பது வேடிக்கை. கைப்பையில் அடங்குவதை வாங்கியவர்கள் அது கடிக்கும், குரைக்கும், பதினைந்து வருடம் உயிரோடு இருக்கும் என்பதை யோசிக்கவில்லை. 2009 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் சிவாவாக்கள் நிரம்பி வழிந்து, சில நாய்களை விமானத்தில் ஏற்றி நியூயார்க்குக்கு அனுப்பினார்கள். அங்கே குட்டி நாய்க்குத் தட்டுப்பாடு! நமக்கும் இது புதுக்கதை இல்லை. 2003-இல் ஹட்ச் செல்பேசி விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாலேயே ஓடிய பக் நாயை நினைத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்த்து ஆசைப்பட்டு பக் வாங்கிய வீடுகள் எத்தனை!

அதே சான் பிரான்சிஸ்கோவில்தான் ஷெர்ரி ஃபிராங்க்ளின் இருக்கிறார். முடி அலங்காரம் அவர் தொழிலாக இருந்தது. ஓய்வு நேரத்தில் காப்பகத்தில் தொண்டு செய்யப் போனவர், குட்டிகள் கைமாறிப் போய்க்கொண்டே இருக்க, நரைத்த மூஞ்சிகள் கூண்டிலேயே மிஞ்சிப்போவதைப் பார்த்தார். யாரும் கேட்காத நாய்க்கு அங்கே கடைசியில் ஊசிதான். முதலில் ஒன்றிரண்டைத் தன் வீட்டுக்கு ஓட்டிவந்தார். 2007-இல் அது ‘மட்வில்’ என்ற அமைப்பானது. ஏழு வயதுக்கு மேற்பட்ட நாய்களுக்கு மட்டுமே இடம். உள்ளே கூண்டு கிடையாது. சோபாக்களும் மெத்தைகளும் கிடக்கும், கிழங்கள் தங்களுக்குள் பேசி முடிவெடுத்ததுபோல் ஆளுக்கொரு மூலையில் சுருண்டிருக்கும். 2016-இல் சி.என்.என். தொலைக்காட்சி அந்த ஆண்டின் பத்து நாயகர்களில் ஒருவராக ஷெர்ரியைத் தேர்ந்தெடுத்தது.

கூண்டில்லாத இந்த ஏற்பாடு பரிவுக்காக மட்டும் என்று நினைத்தால் தவறு. வீடு மாதிரியான இடத்தில் விட்டால்தான் நாய் தன் நிஜ சுபாவத்தைக் காட்டும். கூண்டுக்குள் நடுங்கிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்கும் நாய், சோபாவில் ஏறியதும் மடி தேடலாம். கூண்டில் சாதுவாக இருந்தது, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நாய் வந்ததும் பல்லைக் காட்டலாம், இருக்கிற நாலு பல்லை. வரனைப் பற்றி உண்மை சொல்ல வேண்டுமானால் முதலில் அந்த உண்மை தரகருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே.

தற்காலிக வளர்ப்பு வீடுகளின் முக்கியத்துவமும் இதில்தான். லிசா கண்டர் குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. காப்பக நாய்களை ஓரிரு இரவு யாராவது வீட்டுக்குக் கூட்டிப்போனால், மனஅழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் அளவு இறங்கியது. காப்பகத்துக்குத் திரும்பியதும் பழைய அளவுக்கே ஏறியது, அதற்கு மேல் போகவில்லை. இரண்டு நாள் தூக்கம் வாய்த்த நாயைப் பற்றி எழுதும் குறிப்பு, மூன்று வாரம் கண்மூடாத நாயைப் பற்றியதைவிட நம்பத்தக்கது.

அடுத்து மாப்பிள்ளை வீட்டு விசாரணை. வீட்டில் எத்தனை படி? முட்டிச் சில்லு நழுவும் நாய்க்கு மாடிப்படி எதிரி. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உண்டா? மூன்றரைக் கிலோ நாயைத் தூக்கிக்கொண்டு ஓடும் குழந்தை கை நழுவவிட்டால் எலும்பு முறியும். வலிக்கிற நாய் கடித்தால் பழி நாய்மேல். பின்கட்டுக்கு வேலி உண்டா? சான் பிரான்சிஸ்கோ பூங்காக்களில் ஓநாயைப் போன்ற கொயோட்டிகள் திரிகின்றன, அவற்றின் கண்ணுக்கு இது முயல் சைஸ். கழுத்துப் பட்டை கூடாது, மார்பைச் சுற்றிய ஹார்னஸ்தான் என்று சொன்னால் கேட்டுக்கொள்வார்களா? மூச்சுக்குழல் தளர்ந்த நாயைக் கழுத்தில் கட்டி இழுத்தால் அந்த வாத்து இருமல் நிற்காது.

இதயச் சத்தம்தான் பாதிப் பேரை விரட்டிவிடுகிறது. ‘மர்மர்’ என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்துபோய்விடுகிறார்கள். வயதான குட்டி நாய்களுக்கு இதய வால்வு தடித்துக் கசிவது சர்வ சாதாரணம். மர்மர் கேட்ட பிறகும் பல நாய்கள் ஆண்டுக்கணக்கில் நன்றாக இருக்கின்றன. 2016-இல் வெளியான ‘எபிக்’ ஆய்வில், இதயம் வீங்கியும் இன்னும் செயலிழக்காத 360 நாய்களைப் பார்த்தார்கள். பிமோபெண்டான் மாத்திரை சாப்பிட்ட நாய்களுக்கு இதயச் செயலிழப்பு சுமார் 15 மாதம் தள்ளிப்போனது. மூன்றரைக் கிலோவுக்குப் பதினைந்து மாதம் என்பது மனிதக் கணக்கில் பல வருடம். ஆனால் அந்த மாத்திரையைக் காலையும் மாலையும் தவறாமல் கொடுக்க ஆள் வேண்டும். அப்போது கேள்வி ‘நாய் பிடிக்குமா’ என்பதல்ல, ‘சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டில் யார் இருப்பார்’ என்பது.

செலவு இன்னொரு தடை. அமெரிக்காவில் ஒரு முறை பல் பிடுங்கிச் சுத்தம் செய்யும் கட்டணத்தைக் கேட்டால் நமக்கே பல் ஆடும். டென்னசியின் மவுண்ட் ஜூலியட்டில் ஜீனா, மைக்கேல் குடின் தம்பதி 2012-இல் தொடங்கிய ‘ஓல்ட் ஃப்ரெண்ட்ஸ்’ முதிய நாய்கள் சரணாலயம் இதற்கு ஒரு வழி கண்டது. நாய் சாகும்வரை உங்கள் வீட்டில் இருக்கும். காகிதத்தில் அது சரணாலயத்தின் நாய். மருத்துவச் செலவு சரணாலயத்துடையது. மடி மட்டும் நீங்கள் கொடுத்தால் போதும்.

மட்வில் வேறு பக்கத்திலிருந்து வந்தது. 62 வயதுக்கு மேற்பட்டவர் நாயைக் கேட்டால் தத்துக் கட்டணம் வாங்குவதில்லை. கிழத்துக்குக் கிழம் துணை. நாள் முழுக்க வீட்டில் இருப்பவர், மெதுவாக நடப்பவர், மதியம் தூங்குபவர். பத்துப் பொருத்தமும் சரி. நாய்க்குட்டி வாங்கி அதற்குப் பதினைந்து வயதாகும்போது நமக்கு என்ன வயது என்று கணக்குப் போட்டுத் தயங்குகிறவருக்கு, 11 வயது நாய் அந்தத் தயக்கத்தைத் தீர்க்கிறது.

முழுக்கத் தீர்த்துவிடுவதுமில்லை. சிவாவா கெட்டியான உயிர். ஃபுளோரிடாவில் டோபிகீத் என்ற சிவாவா 2022-இல் 21 வயதில் கின்னஸில் ஏறியது. முந்திக்கொள்வது யார் என்று யாரால் சொல்ல முடியும்? இங்கிலாந்தில் ஏவரில் ஜார்விஸ் தன் கார்கி நாயின் பெயரால் 1985-இல் தொடங்கிய ‘சின்னமன் டிரஸ்ட்’ அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டது. முடியாத முதியவரின் நாயைத் தொண்டர்கள் நடத்திக்கூட்டிப்போவார்கள்; அவர் காலமானால் நாயை அமைப்பு ஏற்கும் என்று உயிரோடு இருக்கும்போதே எழுதிவைத்துக்கொள்ளலாம். அந்தக் கேள்வியை எதிர்கொள்ள முதியவர்கள் கூச்சப்படுவதில்லை. கூச்சம் பெரும்பாலும் அதைக் கேட்க வேண்டிய தரகர்களுக்கே.

நம் மூன்றரைக் கிலோவுக்கு வருவோம். மூன்று விண்ணப்பம் வந்ததாக வைத்துக்கொள்ளலாம். முதலாவது, நாய் என்றால் உயிரை விடும் இளம் தம்பதி. வீட்டில் மூன்று வயதுப் பையன். அது போகட்டும். இரண்டாவது, ஓய்வுபெற்ற ஆசிரியை. கண்ணை மூடிக்கொண்டு அவருக்குக் கொடுத்துவிடத் தோன்றும். ஆனால் அவர் இருப்பது லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி, கேட்பதோ காலையில் ஒரு மணி நேரம் கூட நடக்கத் துணை. இவருக்கு எட்டு வயது டெரியர் ஒன்று பொருந்தும், இது பொருந்தாது. மூன்றாவது, வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கும் பெண். தரைத்தளம். ஏற்கெனவே ஒரு செவிட்டு பீகிள். விண்ணப்பத்தில் அவர் நாயின் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. மாத்திரையை எதில் பொதிந்து கொடுப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

இரண்டு இரவு ஒத்திகைக்கு அங்கே அனுப்பலாம். முதல் நாள் சாப்பிடாது, கதவைப் பார்த்தே நிற்கும். அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வெந்நீரில் குழைத்த சாப்பாட்டைத் தட்டில் வைத்துவிட்டு அந்தப் பெண் திரும்பிப் பார்க்காமல் தன் வேலையைப் பார்க்க வேண்டும். இரண்டாம் நாள் சாயங்காலம் காப்பகத்துக்கு ஒரு படம் வந்தால் நல்லது. மேஜைக்கடியில் இருட்டாக, சரியாகத் தெரியாமல், ஒரு காலுறையின்மேல் மோவாயும் பக்கவாட்டில் தொங்கும் நாக்கும்.

(தொடரும்)