விலையும் மதிப்பும்

நுழையும்முன்

கடையில் உள்ள பொருளுக்கு விலைச்சீட்டு உண்டு. மனிதரின் திறனுக்கு அப்படி ஒரு சீட்டை ஒட்ட இயலுமா? இன்றைய விளையாட்டு உலகம் அம்முயற்சியில் இடைவிடாது ஈடுபட்டுள்ளது. வளரும் வீரர் ஒருவரை அணிகள் எவ்வாறு எடைபோடுகின்றன என்பதையும் அவ்வெடை எங்கே பிழைபடுகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தருமபுரி மாவட்டத்து ஏரியூர் போன்ற ஊர்களின் பள்ளித் திடல்களில் அணி பிரிக்கும் காட்சி நாம் அறிந்ததே. தலைவர் இருவர் எதிரெதிரே நின்று, மாறிமாறி ஆள் எடுப்பர். அடுத்து யாரை அழைப்பது என்று அவர்கள் எண்ணும் அந்த நொடியிலேயே மதிப்பீடு தொடங்கிவிடுகிறது.

ஆட்டத்தின் கடிவாளம்

கூடைப்பந்தாட்டத்தில் ஓர் அணிக்கு ஐவர் களத்தில் ஆடுவர். அவர்களுள் பந்தை முன்னெடுத்துச் சென்று, யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவு செய்பவர் ‘பாயிண்ட் கார்டு’ எனப்படுவார். அவர் குவிக்கும் புள்ளிகளோடு, பிறர் புள்ளி எடுக்க அவர் தரும் உதவிகளும், தவறவிடும் பந்துகளும் கணக்கில் சேர்கின்றன. ஆட்டத்தைப் படிக்கும் அறிவு பட்டறிவால் முதிர்வது. ஆதலின் இளம் வயதில் இவ்விடத்தில் ஆடுபவரை மதிப்பிடுவது கடினம்.

எடைக்கற்கள் நான்கு

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துத் தொடரில் அணிகள் வீரர்களைத் தமக்குள் பரிமாறிக்கொள்கின்றன. அப்போது நான்கு செய்திகள் ஆராயப்படுகின்றன. முதலாவது, இன்றைய ஆட்டத்திறன். இரண்டாவது, வயது; இருபது வயதினருக்கு வளர்ச்சிக்கான காலம் மிகுதி. மூன்றாவது, ஒப்பந்தம், முதல் சுற்றில் தேர்வாகும் புதிய வீரர் நான்கு ஆண்டுகள் வரை குறைந்த ஊதியத்தில் ஆடுவதால், ஊதிய உச்சவரம்புக்கு உட்பட்ட அணிக்கு அது பெரும் ஆதாயம். நான்காவது, அணியின் தேவை.

தெரிந்து தெளிவோம்
என்.பி.ஏ. தொடரில் புதிய வீரர்களை அணிகள் ஆண்டுதோறும் வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கும். பின்தங்கிய அணிகளுக்கு முன்வரிசை கிடைக்கும் வாய்ப்பு மிகுதி. வருங்காலத்திற்குரிய இத்தேர்வு உரிமையையும் அணிகள் பரிமாறிக்கொள்ளலாம்.

இரண்டு பரிமாற்றங்கள்

2019ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் அணி, புகழின் உச்சியில் இருந்த பால் ஜார்ஜை ஓக்லஹோமா சிட்டி அணியிடமிருந்து பெற்றது. ஈடாக, ஒரே ஒரு பருவம் ஆடியிருந்த ஷாய் கில்ஜியஸ் அலெக்சாண்டர் என்னும் இளைஞரையும், மற்றொரு வீரரையும், முதல் சுற்றுத் தேர்வு உரிமைகள் ஐந்தையும் பிறவற்றையும் அளித்தது. அப்பருவத்தில் அவ்விளைஞரின் சராசரி, ஆட்டத்துக்கு 10.8 புள்ளிகளே. 2024–25 பருவத்தில் அது 32.7 ஆக உயர்ந்தது. தொடரின் தலைசிறந்த வீரர் விருதும் அவரைச் சேர்ந்தது.

2022 பிப்ரவரியில் சாக்ரமெண்டோ அணி, டைரீஸ் ஹாலிபர்ட்டன் என்னும் 21 வயது வீரரை இந்தியானா அணிக்கு அளித்து, டொமாண்டாஸ் சபோனிசைப் பெற்றது. சாக்ரமெண்டோவில் அதே இடத்தில் ஆட டியாரன் பாக்ஸ் இருந்தார். உயரமான வீரரே தேவைப்பட்டார். 2006க்குப் பிறகு முதன்முறையாக 2023இல் அவ்வணி இறுதிக்கட்டச் சுற்றுகளை எட்டியது. எனவே, கொடுத்தவர் ஏமாந்தார் என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூற இயலாது.

2025 இறுதித் தொடரில், முதல் அணிகள் கைவிட்ட இவ்விருவரும் எதிரெதிர் அணிகளில் மோதினர். ஓக்லஹோமா சிட்டி 4–3 என வென்றது. ஏழாவது ஆட்டத்தில் ஹாலிபர்ட்டனின் குதிகால் தசைநார் கிழிந்தது. எந்தத் தராசும் முன்னறிய முடியாத இழப்பு அது.

நம் அருகில் ஓர் எடுத்துக்காட்டு

இந்தியாவில் ஐ.பி.எல். கிரிக்கெட் ஏலம் இத்தகைய மதிப்பீட்டை ஊரறிய நடத்துகிறது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த த. நடராஜன், 2017 ஏலத்தில் 10 இலட்சம் ரூபாய் அடிப்படை விலையிலிருந்து 3 கோடிக்கு உயர்ந்தார். அடுத்த ஆண்டு அவர் விலை 40 இலட்சம். 2018, 2019 பருவங்களில் அவருக்குக் களமிறங்கும் வாய்ப்பே கிட்டவில்லை. ஆயினும் 2020 தொடரில் 16 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அதனைத் தொடர்ந்த ஆஸ்திரேலியப் பயணத்தில், ஒரே பயணத்தில் மூவகைப் பன்னாட்டுப் போட்டிகளிலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். பின்னர் அவர் விலை 2022இல் 4 கோடியாகவும், 2024 நவம்பரில் நடைபெற்ற ஏலத்தில் 10.75 கோடியாகவும் அமைந்தது.

விலை 40 இலட்சமாக வீழ்ந்தபோது அவரது உழைப்பு வீழவில்லை. விலையை நிர்ணயித்தவை அவ்வாண்டின் புள்ளிவிவரமும் அணிகளிடம் இருந்த பணமும் அவற்றின் தேவையுமே ஆகும். தம் ஊரில் அவர் அமைத்த கிரிக்கெட் திடல் 2023இல் திறக்கப்பட்டது. சிற்றூர் இளையோருக்கு அதனால் விளையும் பயன் எந்த ஏலக் கணக்கிலும் இடம்பெறாது.

தராசின் எல்லை

ஒருவரின் குணத்தையும் குற்றத்தையும் ஆராய்ந்து, மிகுதியானது எதுவெனக் கண்டு தேர்ந்தெடுக்குமாறு திருக்குறளின் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரம் வழிகாட்டுகிறது. ஆராயாமல் தெளிவதும், தெளிந்தபின் ஐயுறுவதும் தீமை பயக்கும் என்றும் அது எச்சரிக்கிறது. இன்றைய அணிகளுக்கும் இது பொருந்தும்.

மதிப்பிடப்படுவோருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. அணியின் விலை, தேர்வின் மதிப்பெண், நேர்காணலின் முடிவு ஆகியவை ஒரு நாளில், ஒரு தேவைக்காக இடப்பட்ட எடைகள். அவற்றை மறுக்க வேண்டியதில்லை. அவை சுட்டும் குறைகளைத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் இன்றைய விலையே தன் முழு மதிப்பு என்று நம்பி ஓர் இளைஞர் பயிற்சியைக் கைவிட்டால், அவ்விழப்பை எந்த ஏலத்தாலும் ஈடுசெய்ய இயலாது.