கனடாவின் நூல் பதிப்புத்துறையும் அரசு மானியமும்: ஒரு பார்வை

முன்னுரை

ஒரு நாட்டின் இலக்கியம் வளர எழுத்தாளர் மட்டும் போதுவதில்லை. எழுதியதைச் செப்பனிட்டு, அச்சிட்டு, விற்பனைக்குக் கொண்டுசெல்லும் பதிப்பகமும் வேண்டும். பெரிய மொழிச் சந்தைகளில் இப்பணியை வணிகமே செய்துவிடுகிறது. சிறிய சந்தைகளில் அவ்வாறு நிகழ்வதில்லை. எனவே, பல நாடுகளில் அரசு மானியம் வழங்கிப் பதிப்புத்துறையைக் காத்து வருகிறது. அம்மானியம் எழுத்தாளருக்கா, நூலுக்கா, பதிப்பகத்திற்கா, புத்தகக் கடைக்கா, யாருக்குச் செல்ல வேண்டும் என்பது எளிதில் விடை காண முடியாத வினாவாகும். இவ்வினாவிற்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பல விடைகளைச் சோதித்துப் பார்த்த நாடு கனடா. அதன் பட்டறிவை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிறு சந்தையின் இடர்ப்பாடு

நூல் பதிப்பில் செப்பனிடுதல், எழுத்துக்கோப்பு, அட்டை வடிவமைப்பு ஆகியவற்றுக்கான செலவு, அச்சிடும் படிகளின் எண்ணிக்கையைப் பொறுத்து மாறுவதில்லை. எடுத்துக்காட்டாக, ஒரு நூலை அச்சுக்கு அணியமாக்க 10,000 டாலர் செலவாகிறது எனக் கொள்வோம். 20,000 படிகள் அச்சிடுபவருக்கு அச்செலவு படிக்கு அரை டாலர். 1,000 படிகள் மட்டும் அச்சிடுபவருக்கோ 10 டாலர். இருவரும் ஒரே கடையில் ஏறத்தாழ ஒரே விலைக்கு விற்க வேண்டியிருந்தால், இரண்டாமவர் நட்டமடைவது உறுதி.

ஆங்கிலம் பேசும் கனடியர் இவ்விரண்டாமவரின் நிலையில் இருந்தனர். அவர்தம் மொழியிலேயே அமெரிக்காவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் நூல்கள் வந்து குவிந்தன. கனடியப் பதிப்பகங்கள் அவ்வெளிநாட்டு நூல்களுக்கு முகவராக இருந்தும் பாடநூல்களை விற்றும் பொருள் ஈட்டின. அவ்வருவாயின் ஒரு பகுதியைக் கொண்டே சொந்த நாட்டு இலக்கியத்தை வெளியிட்டன. 1949இல் அமைக்கப்பட்டு 1951இல் அறிக்கை அளித்த மாஸ்ஸி ஆணையம், 1948ஆம் ஆண்டில் ஆங்கிலக் கனடாவில் வெளிவந்த புனைகதை நூல்கள் 14 மட்டுமே எனச் சுட்டியது.

நூலுக்கு மானியம்

மாஸ்ஸி ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி, 1957இல் கனடா கலை மன்றம் நிறுவப்பட்டது. இரு பெருஞ்செல்வர்களின் மறைவுக்குப்பின் அரசுக்குக் கிடைத்த மரபுரிமை வரிப் பணமான 10 கோடி டாலரில் ஒரு பாதி இம்மன்றத்தின் முதலீடாகவும், மறுபாதி பல்கலைக்கழகக் கட்டடங்களுக்கான நிதியாகவும் ஒதுக்கப்பட்டன. அரசின் நேரடித் தலையீடு இன்றி, துறைசார்ந்தோரே தகுதியை மதிப்பிட வேண்டும் என்பது இம்மன்றத்தின் கொள்கையாகும்.

இம்முறை நல்ல நூல்கள் வெளிவர உதவியது. எனினும், அந்நூல்களை வெளியிடும் நிறுவனம் நிலைத்திருக்குமா என்ற வினாவிற்கு இதில் விடையில்லை. அது 1970இல் வெளிப்பட்டது. 1829இல் தோன்றியதும், கனடா ஐக்கியத் திருச்சபைக்கு உரியதுமான ரையர்சன் பதிப்பகம் அவ்வாண்டு அமெரிக்க நிறுவனமான மெக்ரா-ஹில்லுக்கு விற்கப்பட்டது. கேஜ் நிறுவனத்தின் பாடநூல் பிரிவும் அதே ஆண்டில் அமெரிக்கர் கைக்கு மாறியது. கனடிய மாணவர் படிக்கும் பாடநூலை யார் உருவாக்குவது என்னும் கவலை ஆசிரியரிடையேயும் மக்களிடையேயும் எழுந்தது. பாடநூல் வருவாய் கைமாறினால், அதைச் சார்ந்து வெளிவந்த இலக்கிய நூல்களும் நின்றுவிடும் என்பதே அக்கவலையின் பொருளியல் அடிப்படையாகும்.

பதிப்பகத்திற்கு மானியம்

இச்சூழலில் ஒண்டாரியோ மாநில அரசு நூல் பதிப்பு குறித்து ஓர் அரச ஆணையத்தை அமைத்தது. ஆணையம் தன் பணியைத் தொடங்கிய சில மாதங்களிலேயே, 1971இல், மெக்லெலண்ட் அண்ட் ஸ்டூவர்ட் பதிப்பகம் விற்பனைக்கு வருவதாக அதன் உரிமையாளர் ஜாக் மெக்லெலண்ட் அறிவித்தார். கனடிய இலக்கியத்தை மலிவுப் பதிப்பாக வகுப்பறைகளுக்குக் கொண்டுசென்ற ‘நியூ கனேடியன் லைப்ரரி’ வரிசையை 1958இல் தொடங்கிய நிறுவனம் இது. ஆணையத்தின் இடைக்காலப் பரிந்துரையின்பேரில் மாநில அரசு ஏறத்தாழ 10 இலட்சம் டாலர் கடனளித்து அதனைக் காப்பாற்றியது.

இதன்பின் கொள்கையின் திசை மாறியது. 1972 முதல் கனடா கலை மன்றம், தனித்தனி நூல்களுக்கு அன்றிப் பதிப்பகத்தின் ஓராண்டு வெளியீடுகளுக்கு மொத்தமாக மானியம் அளிக்கலாயிற்று. 1979இல் மத்திய அரசு, பதிப்பகங்களை வணிக நிறுவனங்களாகவே வலுப்படுத்தும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பெயரும் வடிவமும் மாறி, அது இன்று கனடா நூல் நிதியம் என வழங்குகிறது. கனடிய எழுத்தாளரின் நூல்களைப் பதிப்பகம் எவ்வளவு விற்றதோ, அதற்கேற்ப மானியம் கணக்கிடப்படுகிறது. அதாவது, கலை மன்றம் தகுதியை நோக்குகிறது; நிதியம் விற்பனையை நோக்குகிறது. இவ்விரு அளவுகோல்களும் ஒன்றையொன்று சமன்செய்கின்றன எனலாம். இவற்றுடன், நூலகங்களில் தம் நூல் இடம்பெற்றிருப்பதற்காக எழுத்தாளருக்கே தொகை வழங்கும் திட்டமும் 1986இல் நடைமுறைக்கு வந்தது.

மானியத்தின் எல்லைகள்

இத்திட்டங்களால் நாடெங்கும் பல பதிப்பகங்கள் வளர்ந்தன. ஆயினும், இரு குறைகள் தெளிவாயின.

முதலாவது, ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கப்படும் மானியம் ஆண்டுதோறும் வெட்டப்படவும் கூடும். 1995இல் மத்திய அரசு பதிப்பக மானியத்தைப் பெருமளவு குறைத்தது. ஒண்டாரியோ அரசும் கடனுறுதித் திட்டத்தைக் கைவிட்டது. 1965இல் தோன்றிப் புதுமையான இலக்கியத்திற்குப் பெயர்பெற்ற கோச் ஹவுஸ் பதிப்பகம் 1996இல் மூடப்பட்டது. மறு ஆண்டே அது புதிய வடிவில் உயிர்பெற்றது என்பது குறிப்பிடத்தக்கது. வெட்டப்படாத காலத்திலும் இடர் உண்டு. நிதியத்தின் ஆண்டுத் தொகை 2001க்குப் பின் பல்லாண்டுகள் 4 கோடி டாலரை ஒட்டியே நின்றது. தாள் விலையும் ஊதியமும் அவ்வாறு நிற்கவில்லை.

இரண்டாவது, மானியம் உரிமையைக் காத்துவிடுவதில்லை. அரசுப் பணத்தால் மீட்கப்பட்ட அதே மெக்லெலண்ட் அண்ட் ஸ்டூவர்ட், 2000இல் டொராண்டோ பல்கலைக்கழகத்திற்கு 75 விழுக்காடும் ராண்டம் ஹவுஸ் நிறுவனத்திற்கு 25 விழுக்காடுமாகப் பகிரப்பட்டது. 2012இல் அது முழுமையாக ராண்டம் ஹவுஸ் வசமாயிற்று.

கியூபெக் காட்டிய வேறு வழி

பிரெஞ்சு மொழி பேசும் கியூபெக் மாநிலம் மானியத்துடன் சட்டத்தையும் துணைக்கொண்டது. 1979இல் நிறைவேறி 1981இல் நடைமுறைக்கு வந்த நூற்சட்டத்தின்படி, பள்ளிகளும் பொது நூலகங்களும் தமக்கு வேண்டிய நூல்களைத் தத்தம் வட்டாரத்திலுள்ள அங்கீகாரம் பெற்ற புத்தகக் கடைகளிலேயே வழக்கமான விலைக்கு வாங்க வேண்டும். அங்கீகாரம் பெறும் கடை கியூபெக்கியருக்கு உரியதாக இருத்தல் வேண்டும்; மாநிலத்தில் வெளியான நூல்களையும் போதிய அளவில் இருப்பில் வைத்திருத்தல் வேண்டும்.

பெருநகருக்கு அப்பாலுள்ள கடைகளுக்கும் இதனால் நிலையான வருவாய் கிடைத்தது. கடை இருந்ததால் உள்ளூர் நூல் வாசகர் கண்ணில் பட்டது. நூலகங்கள் விலைக்கழிவை இழந்தன என்பது இதன் மறுபக்கம். ஆயினும், எப்படியும் செலவாகவிருந்த பொதுப்பணத்தையே நூல் செல்லும் பாதையைக் காக்கவும் பயன்படுத்தியது இச்சட்டத்தின் தனிச்சிறப்பாகும்.

நமக்குரிய சிந்தனை

மலேசியத் தமிழ்ப் பதிப்புச் சூழலை இத்துடன் அப்படியே ஒப்பிட இயலாது. இங்கு எழுத்தாளரே தம் செலவில் அச்சிட்டு, வெளியீட்டு விழாவில் விற்று, எஞ்சியதை வீட்டில் அடுக்கி வைப்பது பெருவழக்கு. மானியம் என்றவுடன் அச்சுக்கூலியே நம் நினைவுக்கு வருகிறது. அச்சுக்கூலி கிடைத்தால் ஒரு நூல் பிறக்கும். அடுத்த நூலுக்கு எழுத்தாளர் மீண்டும் கையேந்த வேண்டும். நல்ல செப்பாசிரியரையோ, இருப்பையும் விற்பனையையும் கவனிக்கும் நிறுவனத்தையோ அத்தொகை உருவாக்குவதில்லை.

இந்நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றின் நூலகங்கள் ஆண்டுதோறும் உள்நாட்டுத் தமிழ் நூல்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் இரு படிகள் வாங்கினாலே ஆயிரம் படிகளுக்கு மேற்பட்ட உறுதியான சந்தை உருவாகும். தேர்வைத் துறைசார்ந்தோர் நேர்மையாகச் செய்தல் வேண்டும் என்பது இதற்கு இன்றியமையாத நிபந்தனை.

முடிவுரை

கனடாவின் பட்டறிவு, தகுதிக்கு அளிக்கும் மானியம், நிறுவனத்திற்கு அளிக்கும் மானியம், பொதுக் கொள்முதலை நெறிப்படுத்தும் சட்டம் ஆகிய மூன்றும் வெவ்வேறு பணிகளைச் செய்கின்றன என்பதை உணர்த்துகிறது. முதலாவது நூலைப் பிறப்பிக்கிறது. இரண்டாவது பதிப்பகத்தை நிலைநிறுத்துகிறது. மூன்றாவது வாசகரிடம் கொண்டுசேர்க்கிறது. ஒன்றின் பணியை மற்றொன்று செய்யாது. எனவே, அரசிடம் நிதி கோரும் தமிழ் அமைப்புகள் எவ்வளவு வேண்டும் என்பதை வரையறுக்கும் முன், இம்மூன்றில் எதற்காக வேண்டும் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் பயன்தரும்.