பனிக்கட்டியும் உப்பும் சுண்ணக்கல்லும்

ஒரு பொருளின் குணம் அதிலுள்ள அணுக்களை மாத்திரம் பொறுத்ததன்று; அவை எவ்வாறு பிணைந்து, எவ்வாறு அடுக்கப்பெற்றுள்ளன என்பதையும் பொறுத்தது. இவ்வுண்மைக்குச் சான்று தேடி நேயர்கள் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள மயிலிட்டித் துறைமுகமே போதுமானது. போரினால் 1990ஆம் ஆண்டில் ஊரை நீங்கியவர்களுக்கு இத்துறைமுகம் 2017ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மீண்டும் கிடைத்தது. மீன்பிடித் தொழிலாளர் பாடுபட்டுப் பிடித்த மீனைக் காப்பன இரண்டு வெண்பளிங்குகள்: ஒன்று பனிக்கட்டி, மற்றது உப்பு.

பனிக்கட்டி கையிலேயே உருகும். உப்போ 801 பாகை சதமளவிலேதான் உருகும். இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது?

நீர் மூலக்கூறொன்றினுள் ஒட்சிசனும் ஐதரசனும் இலத்திரன்களைப் பங்கிட்டு உறுதியாய்ப் பிணைந்துள்ளன. ஆனால் ஒரு மூலக்கூறை அடுத்ததனோடு இணைக்கும் ஐதரசன் பிணைப்பு மிக மெலிந்தது. பனிக்கட்டி உருகும்போது தளர்வது இம்மெலிந்த பிணைப்பே. அதைத் தளர்த்த ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 80 கலோரி வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தை மீனிடமிருந்து பனிக்கட்டி கவர்வதனாலேயே மீன் குளிர்ந்து கெடாதிருக்கின்றது. மேலும், பனிக்கட்டியில் இம்மூலக்கூறுகள் இடைவெளி மிகுந்த கூடுபோல் அமைவதால், நீர் உறையும்போது அதன் கனவளவு சுமார் 9 சதவீதம் பெருகுகின்றது. பனிக்கட்டி மிதப்பது இதனாலேயே.

உப்பின் அமைப்பு வேறு. அதில் நேரேற்றமுடைய சோடியம் அயன்களும் எதிரேற்றமுடைய குளோரைட்டு அயன்களும் மாறிமாறி நிரைநிரையாக நிற்கின்றன. ஒவ்வோர் அயனையும் எதிரினமான ஆறு அயன்கள் சூழ்ந்து இறுகப் பற்றுகின்றன. ஆகையால் அதை உருக்கப் பெருவெப்பம் தேவை. எனினும் சுத்தியலால் அடித்தால் உப்புக்கல் உடைந்துவிடும். நிரை சற்றே வழுவியதும் ஒத்த ஏற்றங்கள் நேருக்குநேர் வந்து ஒன்றையொன்று தள்ளுவதே காரணம். தீக்கு இளகாத இவ்வுப்பு நீரில் இலகுவாய்க் கரைகின்றது. நீர் மூலக்கூறின் ஒரு புறம் சிறிது நேரேற்றமும் மறுபுறம் சிறிது எதிரேற்றமும் கொண்டிருத்தலால், அம்மூலக்கூறுகள் அயன்களைச் சூழ்ந்து பிரித்தெடுக்கின்றன. கருவாட்டுக்கு இடும் உப்பு, மீனின் ஈரத்திற் கரைந்து உட்புகுந்து, நீரை வெளியே இழுத்துக் கிருமிகளை வளரவொட்டாமல் தடுக்கின்றது.

இனி, காலடியிலுள்ள சுண்ணக்கல்லை நோக்குவோம். அயலூராகிய காங்கேசன்துறையில் 1950 முதல் 1990 வரை இயங்கிய சீமெந்துத் தொழிற்சாலைக்கு மூலப்பொருள் இதுவே. இதன் கல்சியம் அயனும் காபனேற்று அயனும் இரட்டை ஏற்றமுடையன. ஆதலால் கவர்ச்சி வலியது. தூய நீரில் இது மிகச் சிறிதே கரையும். ஆயினும் காற்றிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டு கலந்த மழைநீர் அதை மெல்லமெல்லக் கரைக்கும். குடாநாட்டுக் கிணற்றுநீரின் வன்மைக்கும், கேத்தலின் அடியிற் படியும் வெண்படைக்கும் காரணம் இதுவே.

உருகுவதும் உடைவதும் கரைவதும் பொருள்களின் தற்செயலான இயல்புகள் அல்ல. கண்ணுக்குப் புலனாகாத பிணைப்புகளே அவற்றை நிர்ணயிக்கின்றன. அப்பிணைப்பை அறிந்தவர், பொருளை எவ்விடத்தில் எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதையும் அறிந்தவராவர்.