இத்தாலியன், ரஷ்யன்... சேர்த்துப் படிக்கலாமா?

ஊரூர் ஒல்காட் குப்பத்தின் பெயரில் இருக்கும் கர்னல் ஒல்காட்டும் பிளாவட்ஸ்கி அம்மையாரும்தான் பிரம்மஞான சபையைத் தொடங்கியவர்கள். 1882-ல் அடையாறுக்கு வந்த அம்மையாருக்குத் தாய்மொழி ரஷ்யன். 1939-ல் அதே தோட்டத்துக்கு வந்த மரியா மாண்டிசோரி, இத்தாலியனில்தான் பாடம் நடத்தினார். மகன் மரியோ ஆங்கிலத்தில் சொல்வார். ஆக, குப்பத்துக்குப் பக்கத்திலேயே இரண்டு மொழிகளும் ஒலித்திருக்கின்றன!

பல்கலைக்கழகத்தில் இரண்டையும் ஒன்றாக எடுத்தால் குழம்பாதா? இத்தாலியனோடு ஸ்பானிஷ் எடுத்தால்தான் அந்தப் பயம். ரெண்டும் அக்கா தங்கை மாதிரி, சொற்கள் கலந்துவிடும். ரஷ்யனுக்கோ எழுத்தே வேறு, மொத்தம் 33.

தமிழ் கைகொடுக்கும் இடங்களும் உண்டு. இத்தாலியனில் ‘நோனோ’ என்றால் ஒன்பதாவது. ‘நோன்னோ’ என்றால் தாத்தா. கனி, கன்னி என்று பழகிய காதுக்கு இது பெரிய விஷயமா? ரஷ்யனில் ‘நான் மாணவன்’ என்பது நம்மைப் போலவே இரண்டே சொல்: ‘யா ஸ்துதியென்த்’. வேற்றுமையும் நமக்கு எட்டு, அங்கே ஆறுதான்.

ஆனால், நம் ‘ஐ’ எல்லாப் பெயருக்கும் ஒன்றே. ரஷ்யனில் சொல்லின் பாலைப் பார்த்து விகுதி மாறும். நேரத்தை விழுங்குவது இதுதான். அமெரிக்க வெளியுறவுத் துறையே தன் அதிகாரிகளுக்கு ரஷ்யன் கற்க 44 வாரம் ஒதுக்குகிறது. இத்தாலியனுக்கு அதைவிட மிகக் குறைவு. இரண்டையும் ஒரே ஆண்டில் ‘அ, ஆ’விலிருந்து தொடங்குபவர்கள், வீட்டுப்பாட நேரத்தைச் சரிபாதியாகப் பிரிக்காதீர்கள். ரஷ்யனுக்குத் தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள்.