பாடகர் இல்லை, 4 தடங்கள், 87 நிமிடம்... எப்படிக் கேட்பது?

ராக் இசை என்றாலே ஒரு பாடகர், நாலு நிமிடப் பாட்டு, திரும்பத் திரும்ப வரும் பல்லவி. நமக்குப் பழகியது அதுதானே?

கனடாவின் மொன்றியல் நகரைச் சேர்ந்த 'காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர்' குழு 2000இல் வெளியிட்ட 'லிஃப்ட் யுவர் ஸ்கின்னி ஃபிஸ்ட்ஸ் லைக் ஆன்டெனாஸ் டு ஹெவன்' இசைத்தொகுப்பு அப்படியில்லை.

யார் வாசிக்கிறார்கள்?

9 பேர். மூன்று கிட்டார், இரண்டு பாஸ் கிட்டார், இரண்டு டிரம்ஸ், ஒரு வயலின், ஒரு செல்லோ.

பாட்டு இல்லாமல் இசை எப்படி நகர்கிறது?

முதல் தடமான 'ஸ்டார்ம்' சின்னதொரு மெட்டில் மெதுவாகத் தொடங்கும். மற்ற கருவிகள் ஒவ்வொன்றாய்ச் சேரச் சேர, அதே மெட்டு பெருமுழக்கமாகும். பிறகு அடங்கும். பல்லவி செய்யும் வேலையை இங்கே இந்த ஏற்ற இறக்கம் செய்கிறது.

மனிதக் குரலே கேட்காதா?

கேட்கும். பெரும்பாலும் பேச்சாக. 'ஸ்லீப்' தடத்தின் தொடக்கத்தில் ஒரு முதியவர், நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில் மக்கள் இரவில் படுத்துத் தூங்கிய காலத்தை நினைவுகூர்கிறார். இப்போது யாரும் அங்கே தூங்குவதில்லை என்கிறார். அந்த ஏக்கத்தோடுதான் அடுத்து வரும் இசையைக் கேட்கிறோம். வரிகள் தேவைப்படவில்லை.

போர் அடிக்காதா?

வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்டால் அடிக்கலாம். கைப்பேசி ஒலிபெருக்கியில் மெல்லிய பகுதிகள் காணாமல் போய்விடும். நல்ல ஹெட்ஃபோன் போடுங்கள். முழுத்தொகுப்பும் வேண்டாம். முதலில் 'ஸ்டார்ம்' மட்டும், சுமார் 22 நிமிடம். இடையில் மட்டும் நிறுத்தாதீர்கள்.