தன் பெயரை மறந்த கணினி

'டாய் ஸ்டோரி' 1995-இல் வெளியானது. அதன் காட்சிகளைக் கணக்கிட்டு வரைந்தவை நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்பார்க்ஸ்டேஷன் 20 கணினிகள். அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1994-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மாடல் அது. தட்டையாக, மானிட்டருக்கு அடியில் படுத்துக் கிடக்கும். 'பீட்சா டப்பா' என்று செல்லப்பெயர். அன்றைக்கு ஆய்வுக்கூடங்களுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் மட்டுமே கட்டுப்படியான விலை. இன்று பழைய கணினிகளைச் சேகரிக்கும் ஆர்வலர்களின் அலமாரியில் இருக்கிறது.

சன் நிறுவனத்தையே 2010-இல் ஆரக்கிள் வாங்கிவிட்டது. ஆனாலும் இந்தப் பெட்டிக்குக் கட்டற்ற இயங்குதளம் இன்றும் கிடைக்கிறது. இதன் 32-பிட் ஸ்பார்க் செயலிக்கான ஆதரவை ஓப்பன்பிஎஸ்டி 2016-இல் 5.9 பதிப்போடு கைவிட்டது. டெபியன் அதற்கு முன்பே கழன்றுகொண்டது. நெட்பிஎஸ்டி மட்டும் 2024-இல் வந்த 10-ஆம் பதிப்பிலும் விடாமல் வைத்திருக்கிறது. ஆகவே நிறுவ நினைப்பவர்கள் முதலில் அதைத்தான் எடுக்கிறார்கள். சிடியைப் போட்டு ஆன் செய்கிறார்கள். ஒன்றும் நடப்பதில்லை. வேறு சிடி எழுதுகிறார்கள், பழைய பதிப்பைத் தேடுகிறார்கள், வட்டை மாற்றுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் இவை எதிலும் இருப்பதில்லை.

மதர்போர்டில் தடித்த முதுகோடு ஒரு கறுப்பு சிப் செருகப்பட்டிருக்கும். எண் எம்48டி08. கடிகாரமும் 8 கிலோபைட் நினைவகமும் சேர்ந்தது. அந்தத் தடித்த முதுகுக்குள் ஒரு லித்தியம் பேட்டரியை வைத்து மூடியிருக்கிறார்கள். அதன் ஆயுள் ஏறத்தாழ பத்தாண்டு. 1994-இல் பிறந்த இயந்திரத்தில் அது எப்போதோ செத்திருக்கும். அதோடு தேதி போனது, எந்த வட்டிலிருந்து கிளம்ப வேண்டும் என்ற அமைப்பு போனது, இயந்திரத்தின் அடையாள எண்ணும் போனது. மாற்ற முடிகிற பேட்டரியை மாற்ற முடியாதபடி அடைத்தது எனக்கு இன்றும் ஒப்பாத வேலைப்பாடு.

அடையாளம் போனால் என்ன கெட்டுவிடும்? நெட்வொர்க்கில் ஒவ்வொரு கணினிக்கும் ஆறு பைட் கொண்ட ஈதர்நெட் முகவரி உண்டு. அந்தக் காலத்துச் சன் கணினிகளுக்கு அது 08:00:20 என்று தொடங்கும். மற்ற கணினிகளில் அது நெட்வொர்க் கார்டிலேயே பதிந்திருக்கும்; சன் அதை இந்தச் சிப்பில் வைத்தது. பேட்டரி செத்ததும் ஆறு பைட்டும் 'எஃப்எஃப்' என்று காட்டும். அது 'எல்லோருக்கும்' என்று பொருள்படும் பொது முகவரி. தனி ஆளுக்கு ஆகாது.

சிடி கைவிட்டால் நெட்வொர்க் வழியாக நிறுவலாம் என்று நினைப்போம். அங்கேதான் வசமாக மாட்டிக்கொள்கிறோம். வட்டில்லாமல் கிளம்பும் ஸ்பார்க்ஸ்டேஷன் தன் ஈதர்நெட் முகவரியைச் சொல்லி, "என் ஐபி எண் என்ன?" என்று நெட்வொர்க்கில் கூவும். இந்த முறைக்கு ரார்ப் என்று பெயர். மற்றொரு கணினி தன் பட்டியலில் அந்த முகவரியைப் பார்த்துப் பதில் தர வேண்டும். சொல்ல முகவரியே இல்லாதவனுக்கு யார் பதில் தருவது?

இயந்திரம் என்ன சொல்கிறது என்று பார்க்கவே தனிப்பாடு. சன் மானிட்டரின் இணைப்பு 13டபிள்யூ3 வகை. நம் மானிட்டர் வயர் அதில் ஏறாது. சுலபமான வழி, கீபோர்டைக் கழற்றிவிடுவது. கீபோர்டு இல்லையென்றால் அது தானாகவே சீரியல் போர்ட்டில் பேசத் தொடங்கும். நல் மோடம் வயர் போட்டு, லேப்டாப்பில் டெர்மினல் மென்பொருளைத் திறந்து, வேகத்தை 9600 என்று வைத்தால் போதும். அடையாளச் சிப்பின் உள்ளடக்கம் செல்லாது என்ற வரி அங்கே வந்தால் விஷயம் புரிந்துவிடும். அதன் கீழே 'ஓகே' என்ற இரண்டெழுத்து காத்திருக்கும்.

அந்த 'ஓகே' சாதாரணமானதல்ல. மிட்ச் பிராட்லி சன்னில் உருவாக்கிய ஓப்பன்பூட், ஃபோர்த் என்ற முழு நிரல்மொழியை அங்கே திறந்து வைத்திருக்கிறது. அடையாளத்தை நாமே திரும்ப எழுதலாம். மொத்தம் 16 பைட். முதல் பைட் வடிவ எண், அடுத்தது இயந்திர வகை, பிறகு ஈதர்நெட் முகவரிக்கு ஆறு, தயாரிப்புத் தேதிக்கு நான்கு, வரிசை எண்ணுக்கு மூன்று. 'எம்கேபி' என்ற கட்டளையால் ஒவ்வொன்றாக எழுத வேண்டும். கடைசி பைட் சரிபார்ப்புக்கு: முந்தைய 15 பைட்டையும் 'எக்ஸார்' செய்து வரும் விடை. அதைக் காகிதத்தில் போட வேண்டியதில்லை. ஒரு வரி ஃபோர்த் எழுதினால் இயந்திரமே கணக்கிட்டு எழுதிக்கொள்ளும்.

பேட்டரியை மாற்றாமல் எழுதினால் மின்சாரம் போனதும் அழிந்துவிடும். புதுச் சிப் வாங்கலாம். கைத்துணிச்சல் உள்ளவர்கள் சிப்பின் முதுகை அரத்தால் கவனமாக ராவி, பேட்டரிக் கம்பிகள் வெளிப்பட்டதும் செத்த பேட்டரியின் தொடர்பைத் துண்டித்து, 3 வோல்ட் காயின் செல்லுக்கு ஒரு ஹோல்டரைப் பற்றவைக்கிறார்கள். அவசரத்தில் அரம் ஆழமாகப் போனால் சிப்பும் போச்சு.

மிச்சம் இரண்டு தொல்லைகள் சின்னவை. சிடியை 512 பைட் துண்டுகளாகத் தரும் டிரைவைத்தான் பழைய சன் எதிர்பார்க்கிறது; சாதாரண டிரைவ் 2048 பைட்டாகத் தரும். 512-க்கு மாற்றிக்கொள்ள ஜம்பர் உள்ள டிரைவாகப் பாருங்கள். வட்டில் மேஜிக் எண் தவறு என்று செய்தி வந்தால் வட்டைக் குப்பையில் போட வேண்டாம். சன் பாணி லேபிள் அதில் இல்லை, அவ்வளவே, நிறுவும்போது எழுதப்பட்டுவிடும்.

அடையாளத்தை எழுதி முடித்ததும் உடனே நிறுவ உட்காராதீர்கள். பிளக்கைப் பிடுங்கி ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் ஆன் செய்யும்போது முகவரி 08:00:20 என்று தொடங்கினால், சிடியைப் போடலாம்.