பதிப்புலகின் வாயில்: பிரித்தானிய வெளியீட்டுத்துறையிற் புதியோரும் பிரதேச அறிமுக நிகழ்ச்சிகளும்

ஒரு சமூகத்தில் எத்தகைய நூல்கள் வெளிவருகின்றன என்ற வினாவை ஆராயுமிடத்து நாம் பெரும்பாலும் எழுத்தாளனையும் வாசகனையுமே கருத்திற் கொள்கின்றோம். அவ்விருவருக்கும் இடையே நின்று, எழுதப்பட்டவற்றுள் எது நூலாக வேண்டும், எத்தனை பிரதிகள் அச்சிடப்பட வேண்டும், எவ்விலைக்கு விற்கப்பட வேண்டும் எனத் தீர்மானிப்போர் பற்றிய சிந்தனை இலக்கிய ஆய்வுகளில் அருகியே காணப்படுகின்றது. அவர்கள் யார், எவ்வழியாக அத்தொழிலுக்கு வந்து சேர்ந்தனர் என்பன இலக்கிய வரலாற்றுக்குப் புறம்பான வினாக்கள் அல்ல. பிரித்தானிய வெளியீட்டுத்துறையிற் சேர விரும்பும் இளைஞருக்கென இலண்டனுக்கு வெளியே நடத்தப்படும் தொழில் அறிமுக நிகழ்ச்சிகளை எடுத்துக்கொண்டு, அவை எதனைச் சாதிக்கின்றன, எதனைச் சாதிக்க இயலாதுள்ளன என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

இந்நிகழ்ச்சிகளின் தேவையை உணர்வதற்கு அத்துறையின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் அவசியமாகின்றது. இலண்டனின் நூல் தொழிலாளரும் வணிகரும் 1403 ஆம் ஆண்டிலேயே ஒரு தொழிற் கழகமாக அமைந்தனர். 1557 ஆம் ஆண்டு அக்கழகத்துக்கு அரச சாசனம் கிடைத்தது. அதன் பின்னர், ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களை விடுத்தால், அச்சுத் தொழில் பெரும்பாலும் இலண்டன் கழகத்தாரின் தனியுரிமையாகவே இருந்தது. 1695 இல் அனுமதிச் சட்டம் காலாவதியான பின்னரே ஏனைய நகரங்களில் அச்சகங்கள் பெருகின. சட்டத்தின் தடை நீங்கியதாயினும் மூலதனத்தின் குவிவு நீங்கவில்லை. புனித பவுல் பேராலயத்தை அடுத்திருந்த பற்றனொஸ்ரர் வீதி நூல் வணிகத்தின் மையமாக நெடுங்காலம் நிலைத்தது. 1940 டிசம்பர் 29 ஆம் நாள் இரவு நிகழ்ந்த விமானக் குண்டுவீச்சில் அவ்வீதி எரிந்து, இலட்சக்கணக்கான நூல்கள் சாம்பராயின. வீதி அழிந்தபோதும் துறை இலண்டனை விட்டு நீங்கவில்லை. அந்நகரின் வேறு பகுதிகளுக்கு இடம் மாறிற்று.

இடம் ஒரு தடை எனின் உறவு மற்றொரு தடையாக அமைந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிரித்தானிய வெளியீட்டுத்துறையைப் பெரிதும் மாற்றியமைத்த இருவரின் தொடக்கத்தை இங்கு நோக்கலாம். ஸ்ரான்லி அன்வின் 1904 ஆம் ஆண்டு இத்தொழிலிற் பிரவேசித்தது தமது சிறிய தகப்பன் முறையினரான பிஷர் அன்வினின் நிறுவனத்தின் மூலமாகும். 1935 ஆம் ஆண்டு பெங்குவின் நூல்வரிசையைத் தொடங்கி மலிவு விலையில் நல்ல நூல்களைப் பொதுமக்களிடம் கொண்டு சென்ற அலன் லேன், பிறிஸ்ரல் நகரிற் பிறந்தவர்; பல்கலைக்கழகக் கல்வி பெறாதவர். 1919 ஆம் ஆண்டு அவர் இலண்டனின் பொட்லி ஹெட் நிறுவனத்திற் சேர்ந்தார். அதன் அதிபர் ஜோன் லேன் அவருக்கு உறவினர். பிள்ளைகளற்ற அவ்வுறவினரின் நிறுவனம் குடும்பப் பெயரிலேயே நிலைக்க வேண்டுமென்பதற்காக, வில்லியம்ஸ் என்ற தமது பெயரை அவரது குடும்பத்தினர் லேன் என மாற்றிக்கொண்டனர். பிரதேச நகரமொன்றிலிருந்து பட்டமின்றி வந்த ஓர் இளைஞனுக்கு வாயில் திறந்தது. ஆயினும் அதனைத் திறந்த சாவி அவனது ஆற்றலன்று, உறவுமுறையேயாகும் என்பது மனங்கொள்ளத்தக்கது. அத்தகைய உறவினர் இல்லாதிருந்த பிறிஸ்ரல் இளைஞர் எத்தனை பேர் என்பதை எந்த வரலாற்று நூலும் குறித்து வைப்பதில்லை.

நூற்றாண்டின் பிற்பகுதியில் குடும்ப நிறுவனங்கள் பெருங் கூட்டுத்தாபனங்களுள் அடங்கின. உறவுமுறையின் இடத்தைப் பல்கலைக்கழகப் பட்டமும் வேதனமற்ற பயிற்சியும் பெற்றுக்கொண்டன. 1998 ஆம் ஆண்டின் தேசிய ஆகக்குறைந்த சம்பளச் சட்டம் வேலை செய்பவருக்குச் சம்பளம் உரித்தென வகுத்ததாயினும், அனுபவம் பெறுதல் என்ற பெயரில் இளைஞரைச் சில வாரங்களோ மாதங்களோ சம்பளமின்றி அமர்த்தும் வழக்கம் அதன் பின்பும் நீடித்தது. இலண்டனிற் பெற்றோர் வீட்டில் தங்கியிருப்பவருக்கு இது இயலக்கூடியது. நியூகாசிலில் உள்ள ஒரு தொழிலாளியின் மகளுக்கு இது இயலாதது. திறமைத் தேர்வு எனக் கூறப்பட்டது நடைமுறையில் வசதித் தேர்வாகவே இருந்தது எனலாம்.

இப்பின்னணியிலேயே பிரதேச அறிமுக நிகழ்ச்சிகளை வைத்து நோக்க வேண்டும். இவற்றை நடத்துவோருள் முக்கியமானது 1949 ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்ட இளம் பதிப்பாளர் சங்கமாகும். தொண்டர்களாற் கொண்டு நடத்தப்படும் இச்சங்கம் இலண்டனிலும் ஒக்ஸ்போட்டிலும் மட்டுமன்றி, ஸ்கொத்லாந்து, வட இங்கிலாந்து, தென்மேற்கு இங்கிலாந்து, அயர்லாந்து ஆகிய பகுதிகளிலும் கிளைகளைக் கொண்டுள்ளது. பல்கலைக்கழகங்களும் பெரிய பதிப்பகங்கள் சிலவும் இவ்வகை நிகழ்ச்சிகளை நடத்தி வந்துள்ளன. நூலகமொன்றிலோ பல்கலைக்கழக மண்டபத்திலோ ஒரு மாலைப்பொழுதோ ஒரு நாளோ இவை நடைபெறும். வெவ்வேறு பிரிவுகளிற் பணியாற்றுவோர் தமது அன்றாட வேலையை விளக்குவர், வந்தோர் வினவுவர், விண்ணப்பக் கடிதமும் சுயவிபரக் கோவையும் எவ்வாறு எழுதப்படல் வேண்டுமென ஆலோசனை வழங்கப்படும்.

இவ்விளக்கத்தின் பெறுமதியைக் குறைத்து மதிப்பிடுதல் தவறு. நூல்களை நேசித்து வரும் இளைஞர் பலருக்கு வெளியீட்டுத்துறை என்பது பதிப்பாசிரியர் பணி ஒன்றேயாகத் தோன்றுகின்றது. உண்மையில் ஒரு கையெழுத்துப் பிரதி நூலாவது பதிப்பாசிரியரின் விருப்பத்தால் மட்டுமன்று. அவர் அதனைத் தெரிவுக் கூட்டத்தில் முன்வைக்கின்றார். எத்தனை பிரதிகள் விலைபோகும் என விற்பனைப் பிரிவினர் மதிப்பிடுகின்றனர். தாள், அச்சு, கட்டுமானம் ஆகியவற்றின் செலவைத் தயாரிப்புப் பிரிவினர் கணிக்கின்றனர். மொழிபெயர்ப்பு, ஒலிநூல், திரைப்படம் முதலிய வழிகளில் வரக்கூடிய வருவாயை உரிமைகள் பிரிவினர் எடுத்துரைக்கின்றனர். குறித்த விலையில் ஏறத்தாழ அரைப்பங்கு வரை கடைகளுக்குக் கழிவாகச் செல்லக்கூடும் என்பதையும் கணக்கிற் சேர்த்த பின்னரே முடிவு எடுக்கப்படுகின்றது. இதனை அறிந்த இளைஞன், கணக்கியலோ மொழியறிவோ சித்திரமோ கடையில் வேலை செய்த அனுபவமோ தனக்கு ஒரு தகைமையே என உணர்கின்றான். துறைக்குள் வளர்ந்த குடும்பங்களில் இவ்வறிவு உணவு மேசையிலேயே கைமாறும். அக்குடும்பங்களுக்கு வெளியே உள்ளோருக்கு அதனைப் பகிரங்கமாக வழங்குதலே இந்நிகழ்ச்சிகளின் முதற் சாதனையாகும்.

ஆயினும் வாயில் எங்குள்ளது என்று காட்டுதல் வேறு, அதனூடு நுழையச் செய்தல் வேறு. பெங்குவின் ராண்டம் ஹவுஸ் நிறுவனம் 2016 ஜனவரியில், தனது பிரித்தானியப் பதவிகளுக்குப் பட்டம் கட்டாயத் தகைமையன்று என அறிவித்தது. பட்டம் பெறாத அலன் லேன் நிறுவிய பதிப்பகத்தை உள்ளடக்கிய நிறுவனம் இதனை அறிவிக்க எண்பது ஆண்டுகள் கழிந்தன. அதே ஆண்டில், பயிற்சிக்காக இலண்டன் வருவோருக்குப் பதிப்புத்துறையினர் தமது வீடுகளில் வெறுமையாயுள்ள அறையை ஒரு வாரத்துக்கு இலவசமாக வழங்கும் திட்டமொன்றும் தொடங்கப்பட்டது. இது மனிதாபிமானம் மிக்க முயற்சியே. ஆனால், ஒரு கைத்தொழிலின் தொடக்கநிலை ஊழியர் சக ஊழியரின் கருணையால் தங்க நேர்கின்றதெனின், அத்தொழிலின் சம்பளத்துக்கும் அந்நகரின் வீட்டு வாடகைக்கும் இடையிலான முரண்பாட்டுக்கு அதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எனவே, மக்களைத் தலைநகருக்கு அனுப்புவதா, வேலையை மக்களிடம் கொண்டு வருவதா என்ற வினா எழுகின்றது. இரண்டாவது வழி இயலாததன்று என்பதைப் பிரதேசப் பதிப்பகங்கள் நெடுங்காலமாக நிரூபித்து வந்துள்ளன. மஞ்செஸ்ரரில் கார்கனெற், 1978 ஆம் ஆண்டு நியூகாசிலில் நிறுவப்பட்ட பிளட்அக்ஸ் ஆகியன ஆங்கிலக் கவிதை வெளியீட்டில் முன்னணி இடம் பெற்றன. கரிபிய, கறுப்பின பிரித்தானிய எழுத்துக்களை வெளியிடும் லீட்ஸ் நகரின் பீப்பல் ட்ரீ பதிப்பகத்தின் நூல்களுள், ரொஜர் ரொபின்சனின் கவிதைத் தொகுதி 2019 ஆம் ஆண்டுக்கான ரி. எஸ். எலியற் பரிசையும், மொனிக் ரொஃபியின் நாவல் 2020 ஆம் ஆண்டுக்கான கொஸ்ரா ஆண்டு நூற் பரிசையும் பெற்றன. 2016 இல் மஞ்செஸ்ரரின் கொம்மா பதிப்பகத்தின் முன்முயற்சியால் வடபகுதிப் புனைகதைப் பதிப்பகங்களின் கூட்டணி உருவாயிற்று. ஹாப்பர்கொலின்ஸ் நிறுவனம் 2020 இல் மஞ்செஸ்ரரில் ஒரு பிரிவைத் தொடங்கியது. மஞ்செஸ்ரர், நியூகாசில், செபீல்ட், பிறிஸ்ரல், எடின்பரோ ஆகிய நகரங்களில் அலுவலகங்களை அமைக்கும் திட்டத்தை ஆஷெட் 2021 இல் அறிவித்தது. 2020 ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்தே நூல்கள் தயாரிக்கப்பட்டமை, தலைநகரில் இருந்தே இப்பணியைச் செய்ய வேண்டும் என்ற வாதத்தை வலுவிழக்கச் செய்தது.

பிரதேசம் என்ற சொல் வர்க்கத்தையும் இனத்தையும் மறைக்கும் திரையாகிவிடாமற் பார்த்தலும் அவசியமாகும். 1967 இல் அலிசன் அன்ட் பஸ்பி நிறுவனத்தைத் தொடங்கிய இருவருள் ஒருவரான மாகரற் பஸ்பி பிரித்தானியாவின் முதற் கறுப்பினப் பெண் பதிப்பாளராகக் கருதப்படுகின்றார். கறுப்பினத்தோரும் ஆசியரும் இத்துறையிற் பிரவேசிக்க வேண்டுமென 1980களில் அவரும் வேறு சிலரும் இயக்கமாக இணைந்து பணியாற்றினர். எனினும், 2015 ஆம் ஆண்டு வெளிவந்த, கறுப்பின, ஆசிய எழுத்தாளர் பற்றிய ஆய்வறிக்கை அதே குறைபாட்டையே மீண்டும் சுட்டிக்காட்ட நேர்ந்தது. ஒரு தலைமுறைக்காலம் நல்லெண்ணத்தால் நிரம்பியிருந்தும் நிலைமை சிறிதளவே மாறியதெனின், தடை அறியாமையில் மட்டும் இல்லை என்பது பெறப்படும். இவ்விடத்து நமது வாசகருக்கு நெருக்கமான ஓர் உதாரணத்தையும் குறிப்பிடலாம். இலங்கையிற் பிறந்து இலண்டனில் வாழ்ந்த அம்பலவாணர் சிவானந்தன், இந்நாட்டு மூன்று தலைமுறையினரின் வாழ்வைச் சித்திரித்த ஆங்கில நாவல் 1997 ஆம் ஆண்டு ஆர்கேடியா என்ற சிறிய சுதந்திரப் பதிப்பகத்தின் வாயிலாகவே வெளிவந்தது. எத்தகைய அனுபவங்கள் நூலாகும் என்பது, அவற்றின் பெறுமதியை உணரக்கூடியோர் தெரிவுக் கூட்டத்தில் அமர்ந்திருக்கின்றனரா என்பதிலும் தங்கியுள்ளது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, பிரதேச அறிமுக நிகழ்ச்சிகள் பயனற்றவை என்றோ போதுமானவை என்றோ கொள்வதற்கில்லை. அறிவு மறைக்கப்பட்டிருக்கும் இடத்தில் அதனைப் பொதுவுடைமை ஆக்குதல் முற்போக்கான செயலே. ஆனால் மண்டபத்திற் கூடியோரின் தொகையைக் கொண்டு அவற்றின் வெற்றியை அளவிடல் ஆகாது. வந்தோருள் எத்தனை பேர் வாழக்கூடிய சம்பளத்துடன் பதவி பெற்றனர்? அப்பதவி அவர்களது பிரதேசத்திலேயே கிடைத்ததா? ஐந்து ஆண்டுகளின் பின்னரும் அவர்கள் துறையில் நிலைத்திருந்தனரா? தெரிவுக் கூட்டத்தில் ஒரு நூலை ஏற்கவும் மறுக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டா? இவ்வினாக்களுக்குக் கிடைக்கும் விடைகளே உரைகல்லாகும். நுழைவோர் மாறியும் தீர்மானிப்போர் மாறாதிருப்பின், வாயில் அகலமானதேயன்றி வீடு பழையதாகவே இருக்கும்.